'இசை நகரம்' சென்னை... பாட்டுக்காரர் வாழ இடம் உண்டா? மணலி புதுநகர் முதல் ஆஸ்டின் வரை!

2017-ம் ஆண்டு அக்டோபர் 31. யுனெஸ்கோவின் 'படைப்பாக்க நகரங்கள்' பட்டியலில், இசைப் பிரிவில் சென்னையின் பெயர் சேர்ந்த நாள். இந்தியாவில் இசைக்காக அந்தப் பட்டியலுக்குள் முதலில் போனது வாரணாசி, 2015-ல். இரண்டாவது நம்ம சென்னை.

'சென்னை இசை' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மார்கழி, சபா, தம்புரா, கேன்டீன் காபி. ஆனால், வருஷத்தின் பன்னிரண்டு மாதமும், டிக்கெட் இல்லாமல், தெருவில் பந்தல் போட்டு, விடிய விடியப் பாடப்படும் ஓர் இசையும் இதே நகரத்தில் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று வடசென்னை முழுக்க அதற்கு ரசிகர்கள். அதுதான் கானா.

பட்டம் வாங்கிய நகரத்தில் இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? அவர்களுக்கு மேடை எங்கே, கூலி எவ்வளவு தூரம் நிச்சயம், பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்? இதே கேள்விகளை உலகின் இன்னொரு மூலையில் ஒரு தலைநகரமும் சந்தித்திருக்கிறது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஹார்பரும் மில்லும் பெற்ற பிள்ளை

கானா எந்த வருஷம் பிறந்தது என்று யாராலும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. எந்த மாதிரி இடத்தில் வளர்ந்தது என்பதைச் சொல்லலாம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் உருவானது. அதே காலத்தில் பெரம்பூர் பக்கம் பக்கிங்ஹாம் மில்லும் கர்னாடிக் மில்லும் வந்தன. பிற்காலத்தில் 'பி அண்ட் சி மில்' என்று ஊரே அழைத்தது இவற்றைத்தான். மூட்டை தூக்க, கப்பலில் சரக்கு ஏற்ற, மில்லில் ஷிப்ட் பார்க்க, கைரிக்‌ஷா இழுக்கச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இருந்து மக்கள் வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதி தலித் மக்கள். தெலுங்கு பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள்.

இத்தனை பேச்சும் கலந்து உருவான மெட்ராஸ் தமிழில்தான் கானா பாடப்படுகிறது. 'கானா' என்ற சொல்லே பாட்டு என்று பொருள்படும் இந்திச் சொல். தர்காக்களில் பாடப்படும் சூஃபி பாடல்களின் சாயல் இதில் உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சித்தர் பாடல்களின் தொடர்ச்சி என்கிறவர்களும் உண்டு. அது சும்மா சொல்லும் பெருமையும் இல்லை. நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி இருப்பது திருவொற்றியூர் கடற்கரை ஓரத்தில்தான். 'காயம் பொய்' என்ற அந்தச் சிந்தனை கானாவில் இன்றும் கேட்கிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. கர்னாடக இசைக்கும் வடசென்னை அந்நியம் இல்லை. தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். வீணை குப்பையர், திருவொற்றியூர் தியாகய்யர் போன்ற பெரிய பெயர்கள் இந்த ஊரோடு சேர்ந்தவை. ஆரம்பகாலச் சபாக்கள் ஜார்ஜ் டவுன் பக்கம்தான் நடந்தன. பிறகு சபாவும் ரசிகர்களும் தெற்கே, மயிலாப்பூர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். வடக்கே துறைமுகமும் ஃபேக்டரிகளும் பெருகின. அங்கே தங்கிவிட்ட உழைப்பாளிகளின் பாட்டாகக் கானா தங்கிவிட்டது.

சாவு வீட்டில் என்னதான் பாடுகிறார்கள்?

வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம் தருவது இதுதான். கானாவின் முக்கியமான மேடை, சாவு வீடு. பகலில் உடல் எடுக்கும்போது பறையும் சட்டியும் அடித்து ஆடுவது வேறு. அது ஊர்வலத்துக்கானது. மரண கானா என்பது உட்கார்ந்து பாடுவது. உடல் வீட்டில் இருக்கும் இரவிலோ, பதினாறாம் நாள் காரியத்திலோ, படத்திறப்பு நிகழ்ச்சியிலோ நடக்கும்.

டோலக், கஞ்சிரா, ஆர்மோனியம், புல்புல்தாரா என்று அந்தக் காலத்துக் கருவிகள். இப்போது கீபோர்டும் எலெக்ட்ரானிக் பேடும் சேர்ந்துவிட்டன. ஒன்றுமே இல்லையென்றால் மேஜையும் தகர டப்பாவும் போதும். இறந்தவரின் பெயர், வேலை பார்த்த இடம், மனைவி பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், சம்பந்தி என எல்லாப் பெயரும் பாட்டுக்குள் வர வேண்டும். வீட்டார் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். பாடகர் அதைப் பார்த்தபடியே, அந்த நொடியில் மெட்டுக்குள் உட்கார வைப்பார். தன் பெயர் வரும்போது அந்தச் சொந்தக்காரர் அழுதுகொண்டே எழுந்து வந்து பாடகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்.

வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கியவர், மீன் விற்ற அம்மா, ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் இரங்கல் செய்தி வராது. அந்த ஒரு ராத்திரி, மைக்கில், அவர் கதையை நூறு பேர் கேட்கிறார்கள். மரண கானாவின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இந்த வேலைக்கு இருக்கும் சிக்கலும் அதே ராத்திரிதான். இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். கானாவோ சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, இரவில்தான் சூடு பிடிக்கும். பாதியில் மைக்கை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், பேசிய கூலி முழுதாகக் கிடைக்குமா என்பது வீட்டாரின் மனசைப் பொறுத்தது. தூங்க முடியாத அக்கம்பக்கத்தார், நாளைக்குப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் என்று அந்தப் பக்கத்து நியாயமும் இருக்கிறது.

மணலி புதுநகர்: நகரத்தின் ஓரம்

சென்ட்ரலில் இருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் மணலி புதுநகர். சி.எம்.டி.ஏ. திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு. ஒரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இன்னொரு பக்கம் எண்ணூரின் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும். கொசஸ்தலை ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. தென் மாவட்டங்களில் இருந்து வந்து குடியேறியவர்களும் இங்கே நிறைய. அக்டோபரில் அய்யா வைகுண்டர் தர்மபதியின் பத்து நாள் திருவிழா என்றால் ஊரே தேரோடு போகும்.

வடசென்னையின் கதை இப்படி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகரத்துக்குள் வாடகை ஏற ஏறக் குடும்பங்கள் வடக்கே தள்ளி வருகின்றன. 2004 சுனாமியில் வீடு இழந்த கரையோரக் குடும்பங்களுக்கு எர்ணாவூரில் குடியிருப்புகள் கட்டித் தரப்பட்டன. கூவம், அடையாறு ஓரங்களில் இருந்து அகற்றப்பட்டவர்கள் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். மக்கள் போகும் இடத்துக்குப் பாட்டும் போகும். கண்ணகி நகரிலும் எர்ணாவூரிலும் மணலி புதுநகரிலும் ஒரு சாவு விழுந்தால் கானா கேட்கும்.

ஆனால் பாடகருக்கு இந்தத் தூரம் ஒரு செலவு. ராயபுரத்தில் நிகழ்ச்சி முடிய நள்ளிரவு தாண்டிவிட்டால் பஸ் கிடையாது. டோலக், ஆர்மோனியத்தோடு ஷேர் ஆட்டோவிலும் ஏற முடியாது. தனி வண்டி பிடித்தால் கூலியில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். வெள்ளம் இன்னொரு செலவு. 2021 நவம்பரில் பூண்டி ஏரியில் இருந்து திறந்துவிடப்பட்ட உபரிநீரால் கொசஸ்தலை பெருகி, மணலி புதுநகர் தெருக்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்யும் கலந்து, மீனவர்கள் வலை போட முடியாமல் தவித்தார்கள். தரைத்தளத்து வீட்டில் தண்ணீர் புகுந்தால் டி.வி., ஃபிரிட்ஜோடு வாத்தியங்களும் போகும். தோல் ஊறிய டோலக்கைத் திரும்ப வாசிக்கத் தோல் மாற்ற வேண்டும். நனைந்த கீபோர்டு பெரும்பாலும் திரும்ப வராது.

கொரோனா காலம் இன்னும் கடுமை. சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது மரண கானாவுக்கு மேடையே இல்லாமல் போனது. சபாக்களின் கச்சேரிகள் ஆன்லைனுக்கு மாறின. சாவு வீட்டை ஆன்லைனுக்கு மாற்ற முடியாது.

சினிமா கொடுத்ததும் எடுத்ததும்

மெட்ராஸ் தமிழைத் திரையில் ரசிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஜே.பி.சந்திரபாபு. 'சபாஷ் மீனா'வில் (1958) அவர் போட்ட ரிக்‌ஷாக்காரர் வேஷத்தை இன்றும் பேசுகிறார்கள். கானாவை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் இசையமைப்பாளர் தேவா. 90-களில் அவர் இசையமைத்த படங்களில், 'காதல் கோட்டை' (1996) உட்பட, ஒரு கானா பாட்டு இருந்தால் ஹிட் என்ற நிலை வந்தது.

அதற்கடுத்த பெரிய திருப்பம், பாடகர்களே திரைக்கு வந்தது. மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் பாடிய கானா உலகநாதன் ஒரே பாட்டில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். 2012-ல் பா.இரஞ்சித்தின் 'அட்டகத்தி' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடிய கானா பாலா அடுத்த சில வருஷங்களுக்குச் சினிமாவில் பிஸி. சட்டம் படித்தவர் அவர். மரண கானா விஜியின் பெயரும் வடசென்னையைத் தாண்டிப் பரவியது.

சினிமா கானாவுக்குப் புகழ் கொடுத்தது உண்மை. கூடவே அதைக் காதல் தோல்விப் பாட்டாகவும், குடிப் பாட்டாகவும், ஹீரோ அறிமுகப் பாட்டாகவும் சுருக்கிவிட்டது. பெண்களை மட்டம் தட்டும் வரிகளுக்கும் 'கானாதானே' என்று ஒரு சாக்குக் கிடைத்தது. யூடியூப் வந்த பிறகு, வியூஸுக்காக அந்த வழியிலேயே இன்னும் கீழே இறங்கியவர்களும் இருக்கிறார்கள். சிறுமிகளைக் கொச்சைப்படுத்திய பாட்டுக்குப் போலீஸ் தலையிட வேண்டிவந்ததும் நடந்திருக்கிறது. இதைக் கானாவின் குணம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். அம்மாவுக்காகவும் அம்பேத்கருக்காகவும் இறந்த நண்பனுக்காகவும் எழுதப்பட்ட பாட்டுகள் அதே தெருவில் இருந்துதான் வருகின்றன என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

கோட் சூட்டில் ஏறிய கானா

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானம். சாம்பல் நிறக் கோட் அணிந்த இளைஞர்கள் பறை, டோலக், சட்டி, கிடார் சகிதம் மேடை ஏறினார்கள். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து, சாதி, இடஒதுக்கீடு, கழிவு அகற்றும் தொழிலாளர்களின் சாவு என்று பாடினார்கள். சாவு வீட்டுப் பந்தலில் பாடியவர்கள் டிக்கெட் வாங்காமலேயே ஆயிரக்கணக்கானோர் வந்து கேட்கும் மேடையில், முழு மரியாதையோடு நின்றார்கள்.

அந்தக் குழுவில் கவனம் ஈர்த்தவர் இசைவாணி. ராயபுரத்துப் பெண். இசைக்கலைஞரான அப்பாவோடு சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடுவதே பெரிய விஷயமாக இருந்தது. 2020-ல் பி.பி.சி.யின் '100 பெண்கள்' பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2021-ல் 'பிக் பாஸ்' வழியாகக் குடும்பங்களுக்கும் அறிமுகமானார். புகழோடு அடியும் வந்தது. பெண்களின் கோயில் நுழைவு பற்றி 2018-ல் பாடிய ஒரு பாட்டு 2024 நவம்பரில் மறுபடி பரவி, பக்தர்களைப் புண்படுத்துவதாகப் புகார்கள் எழுந்தன. சமூக வலைதளங்களில் அவருக்கு மிரட்டல்களும் வந்தன.

எதிர்த்திசையிலும் ஒரு பாலம் போடப்பட்டது. 2017 ஜனவரியில் கர்னாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எண்ணூர் முகத்துவாரத்தின் சாம்பல் மண்ணில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். ராகம் சபாவுடையது. பாஷை மெட்ராஸுடையது.

ஆஸ்டின் என்ன செய்தது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரம் ஆஸ்டின். அங்கே கானாவுக்குச் சமமாகச் சொல்ல வேண்டுமென்றால், கன்ட்ரி மியூசிக். பண்ணை ஆட்கள், ரயில்வே தொழிலாளிகள், லாரி டிரைவர்களின் வாழ்க்கையைக் கிடாரும் ஃபிடிலும் வைத்துப் பாடுகிற இசை. குடி, காதல், கடன், சாவு, கடவுள். பாடுபொருளில் வடசென்னைக்கு ரொம்பத் தூரம் இல்லை.

கன்ட்ரி இசையின் வியாபாரத் தலைநகரம் நாஷ்வில். அங்கே ரெக்கார்டிங் கம்பெனிகள் சொல்கிறபடிதான் பாட வேண்டும் என்பதில் சலித்துப்போன வில்லி நெல்சன் 1972-ல் ஆஸ்டினுக்கு வந்தார். 'அர்மடில்லோ வேர்ல்டு ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற பழைய கட்டடத்தில், தொப்பி வைத்த கிராமத்து ரசிகர்களும் நீள முடி ஹிப்பிகளும் ஒன்றாக நின்று அவர் பாட்டைக் கேட்டார்கள். 70-களின் நடுவில் 'ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்' என்ற டி.வி. நிகழ்ச்சி அந்த ஊரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1991-ல் 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்ற வாசகத்தை நகரமே எடுத்துக்கொண்டது. 2012-ல் வில்லி நெல்சனுக்குச் சிலையும் வைத்தது.

பெருமை வளர வளர வாடகையும் வளர்ந்தது. 1980 கடைசியில் அர்மடில்லோ மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் அலுவலகக் கட்டடம் எழுந்தது. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாடகர்கள் ஊருக்குள் வீடு எடுக்க முடியாமல் வெளியே போகத் தொடங்கினார்கள். சென்னைக்குப் பழகிய கதை.

வித்தியாசம் இதற்குப் பிறகு. 2005-ல், குறைந்த வருமானம் உள்ள இசைக்கலைஞர்களுக்கு மருத்துவ வசதி கிடைக்க 'ஹாம்' என்ற அமைப்பு ஆஸ்டினில் தொடங்கப்பட்டது. 2019-ல் ஹோட்டல் வரியில் ஒரு பங்கை எடுத்து 'நேரடி இசை நிதி' உருவாக்க நகர மன்றம் முடிவெடுத்தது. பாட்டைக் கேட்க ஊருக்கு வருகிற சுற்றுலாப் பயணி ஹோட்டலில் தங்குகிறார். அவர் கட்டும் வரியில் கொஞ்சம் பாடுகிறவருக்கே போகட்டும் என்பது கணக்கு. இதனால் ஆஸ்டின் பாடகர்களின் வாடகைப் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. ஆனால், பட்டத்தை வைத்துக்கொள்கிற நகரத்துக்கு அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களிடம் ஒரு கடன் உண்டு என்பதை அது பட்ஜெட்டிலேயே எழுதிவிட்டது.

இங்கே என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்த உறுப்பினர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறுதிச்சடங்கு போன்றவற்றுக்கு உதவி உண்டு. கலை பண்பாட்டுத் துறை மூலம் பதிவு செய்யலாம். 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் மீண்டும் நடந்த 'சென்னை சங்கமம்' போன்ற விழாக்கள் தெருக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவருகின்றன. 2020 டிசம்பரில் இருந்து நீலம் அமைப்பு நடத்தும் 'மார்கழியில் மக்களிசை' இன்னொரு வாசல்.

நல வாரிய அட்டை வாங்குவதில் கானா பாடகருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கரகம், தவில், தெருக்கூத்து என்றால் கோயில் திருவிழா நோட்டீஸில் பெயர் இருக்கும். குழுவுக்கு ஒரு பெயர், சங்கம், குரு என்று ஆதாரம் காட்டலாம். சாவு வீட்டில் பாடியதற்கு யார் நோட்டீஸ் அடிப்பார்கள்? ஃபோனில் கூப்பிட்டு, கையில் காசு கொடுத்து முடியும் வேலை அது.

பாட்டு யாருடையது?

இப்போது கானாவின் பெரிய மேடை உங்கள் கையில் இருக்கும் ஃபோன். ஏரியாத் தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு, நண்பனின் நினைவுநாளுக்கு ஒரு பாட்டு என்று சின்ன ஸ்டூடியோக்களில் ரெக்கார்டு ஆகி யூடியூபில் ஏறுகின்றன. விளம்பர வருமானம் சேனல் வைத்திருப்பவர் கணக்குக்குப் போகும். எழுதியவருக்கு ஒருமுறை கொடுத்த தொகையோடு முடிந்தது. நாளை அந்த மெட்டு வேறு பாட்டில் வந்தாலும் தன்னுடையது என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

சட்டம் அவருக்கு எதிராக இல்லை. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தங்கள், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தன. வணிகரீதியாகப் பயன்படுத்தினால் பாடியவருக்கும் ராயல்டி உண்டு என்றன. காப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆதாரம்தான் முக்கியம். எனவே கானா எழுதும் தம்பி, தங்கைகள் கவனிக்க வேண்டியவை:

* பாட்டை நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். பாடி ஃபோனில் ரெக்கார்டு செய்து, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.
* ஸ்டூடியோவிலோ சேனலிலோ கையெழுத்துக் கேட்டால், எத்தனை வருஷத்துக்கு, எதற்கெல்லாம் உரிமை கொடுக்கிறீர்கள் என்று படித்துப் பாருங்கள்.
* பாட்டின் விவரக் குறிப்பில் எழுதியவர், பாடியவர், வாசித்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே நாளைக்கு நல வாரியத்தில் காட்டவும் உதவும்.
* நிகழ்ச்சிக்குப் போகும்போது கூலியையும் வண்டிச் செலவையும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜிலாவது முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நகரம் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. ராயபுரத்தில் இருந்து மணலி புதுநகர் வரை மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களும் பூங்காக்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், 10 மணிக்குள் முடியும்படி, அங்கே ஒரு கானா கச்சேரி வைத்துக் கூலியை வங்கிக் கணக்கில் போட்டால், பாடகருக்கு வருமானத்தோடு வாரியத்தில் காட்ட ஓர் ஆதாரமும் கிடைக்கும். தெருவுக்கும் தூக்கம் கெடாது. பாட்டுக் கேட்க யாராவது இறக்க வேண்டும் என்ற நிலையும் மாறும்.

ரசிகர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபோனில் அடுத்த முறை ஒரு கானா ஓடும்போது, பிடித்திருந்தால், அதை எழுதியவர் பெயர் எங்காவது போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கமென்ட்டில் கேளுங்கள்: "பாட்டு சூப்பர்... எழுதுனது யாரு?"